பின்சீற்றில் இருந்து வானம் பார்த்தவள்

எங்கள் ஒழுங்கையில் மாதத்துக்கு ஒருமுறை புல்லு வெட்ட ஒரு பெடியன் வருவான். தோளில் கொழுவிய மெசின். கயிற்றைப் பிடித்து ஒரு இழுவை இழுப்பான், அது 'ங்ங்ங்' என்று அலறிக்கொண்டு நீலப் புகை விடும். அந்த நேரம் நான் என்ன அலுவலில் நின்றாலும், அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும், என் தலை தன்பாட்டில் மேலே போகும். குசினிச் சீலிங்கை வடக்கிலிருந்து தெற்காக ஒருமுறை, கிழக்கிலிருந்து மேற்காக ஒருமுறை பார்த்து முடித்த பிறகுதான் கழுத்து கீழே வரும்.

"என்னம்மா மேல?" என்று மகள் கேட்பாள்.

"பல்லி."

இல்லாத அந்தப் பல்லியை மகள் இரண்டு தரம் விளக்குமாற்றால் தேடியும் இருக்கிறாள்.

என் வயதுக்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு இதை வாசிக்கும் உங்களில் எத்தனை பேர், வெடிச்சத்தத்துக்குப் பயப்படாமல் விட்டுவிட்டு, மிக்சி போட்டால் திடுக்கிடுகிற ஆட்கள் என்று எனக்குத் தெரியும். நான் அந்தக் கூட்டத்தின் தலைவி. பயப்படுவதில் எனக்குச் சின்ன வயதிலேயே நல்ல பயிற்சி. உத்தியோகபூர்வமாகவே பயந்தவள் நான். அதுதான் என் வேலையாக இருந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கிளிநொச்சிக்குப் பக்கத்தில், உருத்திரபுரத்தில் இருந்தோம். அப்பாவுக்கு வாய்க்கால்களில் வேலை. குளத்துத் தண்ணீர் வயல்களுக்குப் பிரிகிற இடங்களில் கதவைத் திறப்பதும் மூடுவதும், 'எனக்குத் தண்ணி வரேல்லை' என்று சண்டைக்கு வருகிற கமக்காரரைச் சமாளிப்பதும். ஒரு நாளைக்கு எத்தனையோ மைல் அலைய வேண்டும். அதற்காக அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. சிவப்பு. பெற்றோல் தாங்கி ஒரு பக்கம் நெளிந்து, அந்த நெளிவுக்குள் எப்போதும் கொஞ்சம் தூசி இருக்கும். அப்பா அதைத் துடைக்கும்போது அந்த நெளிவை மட்டும் காயம் துடைக்கிறமாதிரி மெதுவாகத் துடைப்பார்.

அது ரூ ஸ்ரோக் எஞ்சின். பெற்றோலோடு கொஞ்சம் எண்ணெயையும் கலந்து குடிக்கிற சாதி. ஆனால் அது எங்களிடம் இருந்த காலம் யுத்த காலம், வன்னிக்குள் பெற்றோல் வரத் தடை. எண்ணெய்க்கும் தடை. பெடியள் விளையாடுகிற மாபிளுக்குத் தடை இல்லை, ஆனால் மாபிளில் மோட்டார் சைக்கிள் ஓடாது. அதனால் எல்லாரையும் போல அப்பாவும் மண்ணெண்ணெய்க்கு மாறினார். மண்ணெண்ணெயில் அது ஓடும், ஆனால் எழும்பாது. எழுப்புவதற்குக் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட வேண்டும். அந்தப் பெற்றோலை அப்பா கண்ணுக்கு மருந்து விடுகிற ஒரு குட்டிப் போத்தலில் வைத்திருந்தார். சேட்டுப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற ஒரு பழைய பிளக்கும், பிளக் துடைக்க ஒரு பல் பிரஷும். எங்கள் ஊரில் ஆசுபத்திரி டொக்டரின் பைக்குள் இருப்பதைவிட அப்பாவின் பைக்குள் கூட இருந்தது.

கலக்கிற எண்ணெய்தான் வீட்டில் பிரச்சினை.

"இஞ்சருங்கோ," என்று அம்மா குசினியிலிருந்து கூப்பிடுவா. "நேற்று அரைப் போத்தல் தேங்காயெண்ணெய் இருந்தது. இண்டைக்கு அடியில ஒட்டிக்கொண்டு கிடக்கு."

"பூனை குடிச்சிருக்கும்."

"பூனைக்கு எத்தினை சிசி?"

அப்பா அதற்குள் முற்றத்துக்குப் போயிருப்பார். வெளியே மோட்டார் சைக்கிள் எழும்பும். புகையில் வடை வாசம் வரும். உண்மையாகச் சொல்கிறேன், தேங்காயெண்ணெய் கலந்தால் எங்கள் மோட்டார் சைக்கிள் போன வழியெல்லாம் பருப்பு வடை வாசம். வாய்க்கால் கரையில் நிற்கிற கமக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தண்ணிக்காரர் வாறார், தேத்தண்ணியைப் போடுங்கோ" என்று நக்கல் அடிப்பார்கள். நாய்கள் நம்பிக்கையோடு பின்னால் ஓடிவரும். அந்த வருடம் எங்கள் வீட்டில் பொரித்த சாப்பாடு சாப்பிட்டது அந்த மோட்டார் சைக்கிள் ஒன்றுதான்.

அதைத் திருத்துகிறவர் மலையகத்திலிருந்து வந்தவர். தேயிலைத் தொழிற்சாலை எஞ்சினோடு வளர்ந்து, கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறியவர். வீரை மரத்தடிதான் அவருடைய கராச். எஞ்சினைக் கழற்றிச் சாக்கில் பரப்பி வைத்துக்கொண்டு அப்பாவுக்குப் பாடம் எடுப்பார்.

"மத்த எஞ்சின் எல்லாம் மனுசன் மாதிரி, அண்ணே. ஆறுதலா இழுக்கும், ஆறுதலா விடும். இது அப்பிடி இல்ல. இழுக்கிறதும் விடுறதும் இதுக்கு ஒரே வேலை. ஓடுற நாய் இளைக்குதே, அது மாதிரி. அதனாலதான் இந்தச் சின்ன உடம்புக்கு இவ்வளவு வேகம். ஆனா மண்ணெண்ணெயில ஓடுறப்ப நிப்பாட்டிராதீங்க. நின்னா பிளக் நனைஞ்சு படுத்துக்கும். பெட்ரோல் காட்டாம எழும்பாது."

"அப்ப இதுக்கும் எங்கடை அக்காவுக்கு மாதிரி முட்டோ?" என்று நான் கேட்டேன்.

அவர் கை எண்ணெயோடு சிரித்தார். "ஆமா பாப்பா. இதுக்கும் இழுப்புத்தான்."

அக்காவுக்கு அப்போது பதினாலு வயது. பிறந்ததிலிருந்து முட்டு வருத்தம். பனி, தூசி, புகை, எது வந்தாலும் நெஞ்சுக்குள் ஒரு விசில் கேட்கத் தொடங்கும். இதனால்தான் அந்த உத்தியோகம் எனக்கு வந்தது.

உத்தியோகம் இதுதான். ரூ ஸ்ரோக் சத்தத்தில் ஓட்டுகிறவருக்கு வேறு எந்தச் சத்தமும் கேட்காது. குண்டு போடுகிற பொம்மர் வந்தால் எல்லாரும் ஓடி ஒளிந்துவிடுவார்கள், மோட்டார் சைக்கிளில் போகிறவர் மட்டும் பாட்டுப் படித்துக்கொண்டு போவார். அடுத்த குடியேற்ற யூனிற்றில் ஒருவர் அப்படித்தான் போனார். திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் வந்தது. பின்சீற்றில் இருக்கிறவர் ஓட்டுகிறவரின் முதுகோடு முதுகு வைத்து, பின்பக்கம் பார்த்து இருப்பார். வேலை, வானம் பார்ப்பது. ஒரு தட்டுத் தட்டினால் 'ஏதோ தெரியுது, மெதுவாப் போ'. இரண்டு தட்டினால் 'நிப்பாட்டி வாய்க்காலுக்குள்ள பாய்'. பின்னால் இருக்கிறவருக்குத்தான் புகை முழுவதும் அடிக்கும். அதனால் அக்காவை ஏற்றவில்லை. அம்மாவுக்குத் தலை சுற்றும். மிச்சம் நான்.

முதல் நாள் அப்பா என்னைத் தூக்கிப் பின்பக்கமாக இருத்தி, கரியரின் இரண்டு கம்பியையும் பிடிக்கச் சொன்னார்.

"கண்ணை மூடக்கூடாது. என்ன?"

"ஓம் அப்பா."

"கண்ணைத் திற, பிள்ளை. இன்னும் வெளிக்கிடேல்லை."

வெளிக்கிட்டோம். பின்பக்கம் பார்த்துப் போகிறவர்களுக்கு வீதி முன்னால் இருந்து வருவதில்லை. காலுக்குக் கீழிருந்து பாய் விரிக்கிறமாதிரிப் புறப்பட்டு ஓடும். மரங்கள் திடீரென்று தோளுக்குப் பக்கத்தில் முளைத்துச் சின்னதாகிப் போகும். எது வரப்போகிறது என்று தெரியாது, போனது மட்டும்தான் தெரியும். இரண்டாம் கியரில் ஒரு இடம் இருக்கிறது. அதுவரைக்கும் முனகிக்கொண்டு வருகிற எஞ்சின் அந்த இடத்தில் கூவத் தொடங்கும். கூவின அடுத்த கணம் முழு மோட்டார் சைக்கிளும் எனக்குக் கீழால் நழுவி ஓடப் பார்க்கும். என் முதுகு அப்பாவின் முதுகிலிருந்து பிடுங்குப்படும்.  நான் 'ஐயோ' என்று கத்தினேன். கத்தி முடிய, வாயெல்லாம் வடை வாசம்.

"பயமாக் கிடக்கோ?" என்று அப்பா முன்னுக்குப் பார்த்துக்கொண்டு கத்தினார்.

"ஓம்!"

"நிப்பாட்டவோ?"

"வேண்டாம்!"

அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் நான் செய்த முக்கியமான காரியங்கள் எல்லாவற்றிலும் இந்த இரண்டு பதிலும் ஒன்றாகவே வந்திருக்கின்றன. கலியாணம் உட்பட.

வேலையில் நான் கெட்டிக்காரி என்று சொல்லமாட்டேன். இரண்டாவது கிழமையே ஒரு நாரைக்கு இரண்டு தட்டுத் தட்டினேன். அப்பா ஒரு கேள்வி கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளைச் சரித்துவிட்டு, என்னையும் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டு, வெள்ளைச் சேட்டோடு வாய்க்காலுக்குள் பாய்ந்தார். இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு பேரும் மேலே பார்த்தோம். நாரை எங்களைப் பார்க்காமல் தன்பாட்டில் போனது. அடுத்த வயலில் களை பிடுங்கிக்கொண்டு நின்ற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்ன தம்பி, தண்ணி அளக்கிறியளோ?" என்று ஒருவர் கேட்டார்.

"ஓம், ஓம்," என்றார் அப்பா. "இடுப்பளவு கிடக்கு."

வீட்டுக்கு வந்து எனக்கு ஒரு சட்டம் போட்டார். "செட்டை அடிச்சால் பறவை. செட்டை அடிக்காட்டில்தான் தட்ட வேணும். விளங்கிச்சோ?"

விளங்கியது. அதனால்தான், மாசி மாதத்து அறுவடை நேரம், வயலுக்கு மேலே செட்டை அடிக்காமல் ஒன்று நிற்பதைக் கண்டதும் இரண்டு தட்டு. அது பட்டம். வரம்பில் நூலோடு நின்ற பெடியள் இரண்டு பேர் எங்களைப் பார்த்துக் கை காட்டினார்கள். நாங்கள் வாய்க்காலுக்குள் இருந்து கை காட்டினோம்.

அன்றைக்கு மோட்டார் சைக்கிள் திரும்ப எழும்ப மறுத்தது. பிளக் துடைத்து, துளி விட்டு, உதைத்து, பிறகும் துளி விட்டு. கடைசியில் எழும்பியபோது அப்பா கண் மருந்துப் போத்தலை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். அடியில் ஒரு மெல்லிய கோடு மட்டும்.

"இன்னும் ஒரு தரம்தான் எழுப்பலாம்," என்றார். "நாளையிண்டைக்குப் பெற்றோல் தாறன் எண்டு ஒராள் சொன்னவர். அதுவரைக்கும் இது படுக்கட்டும்."

என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது என்று இப்போதும் நினைக்கிறேன்.

அடுத்த நாள் காலை எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வயலில் சூடு அடித்தார்கள். டீசல் இல்லாததால் உழவு இயந்திரம் இல்லை, எருமைகளை விட்டுத்தான் நெற்கதிரை மிதித்தார்கள். காற்று எங்கள் பக்கம். பொன் நிறத்தில் பதர்த்தூசி வேலிக்கு மேலால் வந்து முற்றத்தில் இறங்கியது. பார்க்க வடிவாகத்தான் இருந்தது. பத்து மணிக்குள் அக்கா கதிரையில் முன்னுக்குக் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு இருந்தாள். விசில் வாசல்வரைக்கும் கேட்டது. முட்டுக்குப் போடுகிற குளிசை முடிந்து ஒரு மாதம். அம்மா சுடுதண்ணி ஆவி பிடித்துப் பார்த்தா. நெஞ்சில் தைலம் தடவிப் பார்த்தா. பிறகு விசில் குறைந்தது. எனக்குச் சந்தோசம். அம்மாதான் முதலில் எழும்பினா.

"இஞ்சருங்கோ! சத்தம் குறையிறது நல்லதில்லை. உள்ளுக்குப் போகேல்லை காத்து. சொண்டைப் பாருங்கோ."

அக்காவின் உதடு நாவல்பழம் சாப்பிட்டமாதிரி இருந்தது.

அப்பா மோட்டார் சைக்கிளை மூடியிருந்த சாக்கை இழுத்து எறிந்தார். காபரேற்றரைத் திறந்து துளி விட்டார். உதைத்தார். ஒன்றுமில்லை. உதைத்தார். பிளக்கைக் கழற்றிப் பல் பிரஷால் தேய்த்தார், பிளக் கை தவறி மண்ணில் விழுந்தது, சேட்டில் துடைத்தார். போத்தலைத் தலைகீழாகப் பிடித்து அமத்தினார். மூன்று துளி. நாலாவது வரவில்லை. உதைத்தார். எஞ்சின் ஒரு இருமல் இருமிப் பிடித்துக்கொண்டது.

அக்காவை அப்பாவின் முதுகோடு அம்மா தன் சேலையால் சுற்றிக் கட்டினா. அவளுடைய முதுகோடு என் முதுகை வைத்து நான் பின்பக்கம் பார்த்து இருந்தேன்.

"நான் சைக்கிளில பின்னால வாறன்," என்றா அம்மா. "நீங்கள் ஓரிடமும் நில்லாதேங்கோ."

"வடிவாப் பார், பிள்ளை," என்றார் அப்பா என்னிடம். பிறகு கியரைப் போட்டுக்கொண்டே, "நிண்டால் இது இனி எழும்பாது."

இரண்டையும் சொன்னார். இரண்டும் ஒன்றாக வந்தால் எதைச் செய்வது என்று சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது என்று இன்றைக்கு விளங்குகிறது. அன்றைக்கு நான் அதை எனக்கு மட்டும் விளங்காத கணக்கு என்றுதான் நினைத்தேன்.

ஒழுங்கை, வாய்க்கால் கரை, பிறகு கிளிநொச்சிக்குப் போகிற வீதி. அப்பா அவ்வளவு வேகமாக ஓட்டி நான் கண்டதில்லை. எஞ்சின் கூவுகிற இடத்தைத் தாண்டி அந்தக் கூவலிலேயே நின்றது. புகை முழுவதும் எனக்கு. அக்காவுக்கு என்னால் செய்ய முடிந்த ஒரே உபகாரம் அது. அவளை எனக்குத் தெரியவில்லை, அவளுடைய முதுகெலும்பு மட்டும் என் முதுகில் முட்டியது. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த எலும்பு என்னைக் கொஞ்சம் தள்ளும், பிறகு விடும். தள்ளும், விடும். நான் கண்ணால் வானத்தையும் முதுகால் அக்காவையும் பார்த்துக்கொண்டு போனேன். தூரத்தில், வீதியின் முடிவில், அம்மாவின் சைக்கிள் ஒரு எறும்பு போலத் திரும்பி வீதிக்கு ஏறுவதைக் கண்டேன்.

அப்போதுதான் குளத்துப் பக்கம் இரண்டு மினுக்கம்.

செட்டை அடிக்கவில்லை.

நான் கண்ணைச் சிமிட்டிப் பார்த்தேன். நாரை இல்லை. பட்டம் இல்லை. பட்டத்துக்கு நூல் இருக்கும், அது ஒரு இடத்தில் நிற்கும். இவை வளைந்து எங்கள் பக்கம் திரும்பின. என் வலது கை கரியரை விட்டுவிட்டு, அக்காவின் விலாவைத் தாண்டி, அப்பாவின் சேட்டைத் தேடிப் பின்னால் போனது. விரல் நுனியில் சேட்டுத் துணி பட்டது. இரண்டு தட்டு. அவ்வளவுதான் வேலை. இதற்காகத்தான் இவ்வளவு நாளும் புகை குடித்தேன்.

அந்த நேரம் அக்காவின் முதுகு தள்ளவில்லை.

நான் காத்திருந்தேன். எஞ்சின் கூவியது. ஒரு பாலை மரம் தோளருகில் முளைத்துப் போனது. இன்னொரு மரமும் போனது. முதுகு தள்ளவில்லை. நிண்டால் இது இனி எழும்பாது. அப்பா எதைச் சொன்னார், எஞ்சினையோ அக்காவையோ என்று எனக்குள் எல்லாம் குழம்பிப்போனது. பிறகு, எங்கேயோ ஆழத்திலிருந்து வந்தமாதிரி, அந்த எலும்பு என்னை மெதுவாகத் தள்ளியது.

நான் கையை எடுத்துத் திரும்பவும் கரியரைப் பிடித்தேன்.

பயத்தில் மூத்திரம் போய்விட்டது. சீற் நனைந்து, சூடாகக் காலில் வழிந்தது. பொம்மர் இரண்டும் எங்கள் தலைக்கு மேலால் போயின. வயிறு தெரிகிற அளவுக்குப் பதிவாகப் போயின. அப்பாவுக்குக் கேட்கவில்லை. எனக்கே ஒரு நடுக்கமாகத்தான் கேட்டது. ஒன்று திரும்பிச் சரிந்தது. நாங்கள் வந்த வீதியின் பக்கம் சரிந்தது. அதற்குப் பிறகு மண் எழும்பியது. கறுப்பாக, மரங்களைவிட உயரமாக, அம்மாவின் சைக்கிளை நான் கடைசியாகக் கண்ட இடத்துக்குப் பக்கத்தில். அந்த அதிர்வு ரயரால் ஏறி என் பல்லுக்கு வந்தது. மோட்டார் சைக்கிள் ஒரு உலுப்பு உலுப்பியது.

"என்ன அது?" என்று அப்பா கத்தினார். "எங்கை விழுந்தது?"

"தூர!"

"எங்கடை ரோட்டிலயோ?"

"இல்லை அப்பா!"

எஞ்சின் சத்தம் தளர்ந்தது. அவர் கையைத் தளர்த்திவிட்டார் என்று தெரிந்தது. "கொம்மா? கொம்மா எங்கை?"

எனக்கு மண்ணும் புகையும் மட்டும்தான் தெரிந்தது.

"அம்மா சைக்கிளில வாறா!" என்று கத்தினேன். "எனக்குத் தெரியுது! போங்கோ அப்பா, போங்கோ!"

எஞ்சின் திரும்பவும் கூவியது.

ஆசுபத்திரி வாசலில் அப்பா எஞ்சினை நிற்பாட்டவில்லை. அது தானாக இருமி நின்றது. அக்காவைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்து, ஒரு நேர்ஸ் மிஸ்ஸி பக்கத்தில் நின்று அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டு இருந்தா. நேரத்தோடு கொண்டுவந்தீர்கள், இன்னும் கால் மணித்தியாலம் பிந்தியிருந்தால் கதை வேறு என்று டொக்டர் அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. கால் மணித்தியாலம். வாய்க்காலுக்குள் ஒருமுறை பாய்ந்து ஏற அவ்வளவு நேரம் பிடிக்கும்.

அப்பா உள்ளேயே நின்றார். நான் வெளியே கிடந்த மர வாங்கில், நனைந்த சட்டையோடு, கேற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். சைக்கிளில் வந்த ஒவ்வொரு பெண்ணும் அம்மா இல்லை. ஒரு மணித்தியாலம் இருக்கும். 'அம்மா வாறா, எனக்குத் தெரியுது' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். நூறு தரம் சொன்னால் பொய் இல்லாமல் போய்விடும் என்ற நினைப்பு.

அம்மா நடந்துதான் வந்தா. தலையிலிருந்து கால்வரை சேறு. கையில் ஹாண்டில் முறுகிய சைக்கிள். காயம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் 'அம்மா' என்று கூப்பிட்டபோது அவ வேறு பக்கம் திரும்பிப் பார்த்தா. அன்றிலிருந்து அவவுக்கு இடது காது கேட்பதில்லை.

அக்கா மூச்சு விடுவதைக் கட்டிலருகில் நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு, அம்மா என்னைப் பார்த்தா.

"ஏனடி, நீ காணேல்லையே? தலைக்கு மேலால போச்சுது. நான் வாய்க்காலுக்குள்ள கிடந்து பாத்தனான், நேரா உங்களுக்கு மேலால."

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"கண்டிருந்தால் தட்டியிருப்பாள்," என்றார் அப்பா. "நாரைக்கே தட்டுற பிள்ளை." பிறகு கொஞ்சம் யோசித்தார். "ஆனால் நீர் சைக்கிளில வாறீர் எண்டு சொன்னவள்."

"எப்ப?"

"குண்டு விழுந்த கையோட."

"அப்ப நான் வாய்க்காலுக்குள்ளயல்லோ கிடந்தனான்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இருந்ததைக் காணவில்லை. இல்லாததைக் கண்டிருக்கிறாள். அப்பாவின் முகத்தில் ஒரு முடிவு வருவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் மெதுவாக என் நாடியைப் பிடித்து நிமிர்த்தி, இரண்டு விரலை முகத்துக்கு முன்னால் காட்டி, "இது எத்தினை?" என்று கேட்டார்.

பின்னேரம் நானும் அக்காவும் தனியே இருக்கும்போது, அவள் குழாயை மூக்கிலிருந்து கொஞ்சம் விலக்கிவிட்டுச் சொன்னாள்.

"உன்ரை கை என்ரை விலாவில முட்டினது."

"ம்."

"பிறகு ஏன் எடுத்தனி?"

"வழுக்கிப்போட்டுது."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு குழாயை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். இன்றுவரை அதைப் பற்றி இரண்டு பேரும் கதைத்ததில்லை. அக்கா இப்போது வேறு நாட்டில் இருக்கிறாள், நாலு மாடி ஏறுகிறாள், இங்கே வந்து நிற்கும்போது நான் இரண்டு படி ஏறி மூச்சு வாங்குவதைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

ஒரு மாதம் கழித்து, பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கண் டொக்டர் ஒருவர் வந்தார். யாரோ தூரதேசத்தில் போட்டுக் கழித்த மூக்குக்கண்ணாடிகள் ஒரு பெட்டி நிறைய அவரோடு வந்தன. அப்பா வேலைக்குப் போகாமல் என்னைக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் முதலாவதாக நின்றார். சுவரில் ஒரு அட்டை. மேலே பெரிதாக, கீழே போகப் போகச் சின்னதாக, மூன்று கால் வைத்த குறிகள். கால் எந்தப் பக்கம் நிற்கிறது என்று கையால் காட்ட வேண்டும்.

எனக்கு எல்லாம் தெரிந்தது. கடைசி வரியும் தெரிந்தது. அதற்குக் கீழே அச்சடித்தவர்கள் போட்டிருந்த எறும்பு எழுத்தும் தெரிந்தது. அட்டையின் மூலையில் ஒரு இலையான் காலைத் தேய்த்துக்கொண்டு இருந்ததும் தெரிந்தது.

அப்பா எனக்குப் பின்னால் நின்றார். அவருடைய மூச்சு என் தலையில் பட்டது. சரியாகக் காட்டினால், அன்றைக்கு நான் கண்டேன் என்று ஆகிவிடும். கண்டும் தட்டவில்லை. அம்மா மண்ணுக்குள் போனாவோ என்று தெரியாமலே 'வாறா' என்று சொன்னேன். அவருக்கு எது தெரிய வேண்டும்? கண் தெரியாத பிள்ளையா, இந்தப் பிள்ளையா?

டொக்டர் தடியால் முதலாவது வரியைத் தொட்டார். கால் வலப்பக்கம். நான் மேலே காட்டினேன்.

இரண்டாவது, கால் கீழே. நான் இடப்பக்கம் காட்டினேன்.

"முதல் வரியே தெரியேல்லையோ?" என்று டொக்டர் கண்ணைச் சுருக்கினார். 

பெட்டியைக் கிளறி, தடிப்பான கண்ணாடி ஒன்றை எடுத்தார்கள். பெரிய மண்ணிற வட்டங்கள். யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவியுடையதாக இருக்க வேண்டும். காதில் நிற்காததால் பின்னால் றப்பர் பட்டி போட்டுக் கட்டினார்கள். நான் அதை ஏழு வருடம் போட்டேன். படிகளில் விழுந்தேன், பந்து பிடிக்கத் தெரியாதவள் என்று பெயர் எடுத்தேன், கரும்பலகையைப் பார்க்கக் கண்ணாடிக்கு மேலால் களவாகப் பார்த்தேன்.

அன்றைக்கு, பட்டி கட்டி முடிந்ததும், அப்பா எனக்கு முன்னால் முழங்காலில் குந்தினார்.

"தெரியாதவளைக் கொண்டுபோய் வானம் பாக்க வைச்சனே," என்றார். "கண் தெரியாத பிள்ளையை. என்னை மன்னிச்சுக்கொள், குஞ்சு."

கண்ணாடிக்குள்ளால் அவருடைய முகம் கரைந்து, மூக்கும் வாயும் ஒன்றாகித் தெரிந்தது. அழுகிறாரா இல்லையா என்று அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கினால் தெரிந்திருக்கும். நான் அதை இரண்டு கையாலும் முகத்தோடு அமத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இப்ப வடிவாத் தெரியுதோ?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா," என்றேன்.